அத்தியாயம் 7: விண்வெளி நிலையத்தை வெளியிலிருந்து படம் பிடிப்பது

சர்வதேச விண்வெளி நிலையம் முழுசாகத் தெரியும் படம் ஒன்றைக் காட்டினால், பார்ப்பவர்களில் ஒருவராவது கேட்டுவிடுவார்: "ஆட்கள் எல்லாம் உள்ளேதானே இருக்கிறார்கள், இதை யார் வெளியே நின்று எடுத்தது?" படமே பொய் என்று முடிவுகட்டிவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. எந்த நோக்கத்தில் கேட்டாலும் கேள்வி சரியானது. ஒரு படத்தைப் பார்த்ததும் கேமரா எங்கே இருந்திருக்கும் என்று யோசிக்கத் தெரிந்தவருக்குப் பாதிப் புகைப்படக் கலை வந்துவிட்டது.

பதில் சுருக்கமானது: விடைபெற்றுப் போகிறவர் எடுத்தது. நிலையத்தைச் சுற்றி எந்நேரமும் மிதந்துகொண்டு படம் எடுக்கத் தனிக் கேமரா எதுவும் கிடையாது. நிலையத்தின் கனடா நாட்டு இயந்திரக் கையின் நீளம் 17.6 மீட்டர், நிலையத்தின் அகலமோ 109 மீட்டர். கையை எவ்வளவு நீட்டினாலும் அதன் நுனியில் இருக்கும் கேமராவுக்குள் முழு உருவம் அடங்காது. விண்வெளி நடைக்கு வெளியே போகிறவரும் கயிற்றால் நிலையத்தோடு கட்டப்பட்டவர்தான். அவருக்குக் கிடைப்பது சுவரும் கைப்பிடிகளும் தோழரின் தலைக்கவசமும். முழு நிலையமும் ஒரு சட்டகத்துக்குள் வர வேண்டுமென்றால் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்க வேண்டும். அப்படி விலக முடிந்தவை, வந்து போகும் விண்கலங்கள் மட்டுமே.

இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி மேலே இருப்பவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பற்றியது. கடைசிப் பகுதி தரையில் நின்று நீங்கள் எடுப்பதற்கு. அவசரம் என்றால் நேராக அங்கே போகலாம்.

போகும்போதுதான் ஏன்?

வரும் கலமும் நிலையத்தை நெருங்கித்தானே வருகிறது, அப்போது எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கிறார்கள், ஆனால் நல்ல படம் அரிதாகவே கிடைக்கிறது. வரும் நேரத்தில் வீரர்கள் அழுத்த உடை அணிந்து இருக்கையில் வாரால் கட்டப்பட்டிருப்பார்கள். கண் திரைகளில் இருக்கும். கலத்தின் மூக்கு இணைப்பு வாயிலை நோக்கி நேராக நிற்பதால் ஒரே கோணம்தான். இணைவது முதல் முறை தவறினால் மறுபடி முயலத் தேவையான எரிபொருளைத் தொடக்கூடாது. கிளம்பும் கலத்துக்கு இந்தத் தலைவலிகள் இல்லை. வேலை முடிந்துவிட்டது, இறங்குவதற்கான எரிபொருள் போக மிச்சம் எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரியும். அந்த மிச்சத்தில்தான் படம்.

வரும்போதே சுற்றிப் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயமும் ஒருமுறை வந்தது. 1973 மே 14-இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் ஏவப்பட்டபோது அதன் வெளிக்கவசம் பிய்ந்துபோயிற்று; ஒரு சூரியத் தகட்டு இறக்கையும் அதோடு போயிற்று, இன்னொன்று சிக்கிக்கொண்டது. தரையில் இருந்தவர்களுக்கு எண்கள் தெரிந்தன, உருவம் தெரியவில்லை. மே 25-இல் போய்ச் சேர்ந்த கான்ராட், கெர்வின், வைட்ஸ் மூவரும் இணைவதற்கு முன் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். பழுதுபார்க்கும் திட்டம் அந்தக் காட்சியிலிருந்துதான் உறுதியானது. இன்று புத்தகங்களில் காணும் ஸ்கைலேப் படம், 1974 பிப்ரவரியில் கடைசிக் குழு விடைபெறும்போது எடுத்தது. ஒரு பக்கம் இறக்கை இல்லாமல், வெயிலைத் தடுக்க வீரர்கள் விரித்த துணியோடு நிற்கும் படம். நாசாவின் எத்தனையோ பளபளப்பான படங்களைவிட எனக்குப் பிடித்தது அதுதான்.

அமெரிக்காவின் ஷட்டில் விண்கலங்கள் பறந்த காலத்தில், பிரிந்துபோகும் கலம் நிலையத்தை ஒருமுறை சுற்றிவருவது கிட்டத்தட்ட ஒரு சடங்காகிவிட்டது. நிலையத்தின் முன்முனையிலிருந்து பிரிந்த கலம் சுமார் 120 மீட்டர் விலகும். பிறகு நிலையத்தை நடுவில் வைத்து மேலே ஏறி, பின்னால் போய், அடியில் வந்து ஒரு சுற்று. ஓட்டுவது வழக்கமாக பைலட், கமாண்டர் அல்ல; பயணம் முழுக்க இரண்டாம் இருக்கையில் இருந்தவருக்குக் கலத்தைக் கையால் செலுத்தக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. ஷட்டிலின் பின்பக்கக் கட்டுப்பாட்டு மேடையில் கூரையில் இரண்டு சன்னல்கள் உண்டு. கலத்தின் திறந்த சரக்கு அறை நிலையத்தைப் பார்த்தபடியே சுற்றுவதால், கூரைச் சன்னலில் நிலையம் சுற்று முழுக்க நகராமல் நிற்கும்.

கலமும் நிலையமும் நொடிக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்பதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டுக்கும் அதே வேகம் என்பதால் ஒன்றுக்கொன்று நகர்வது மிகக் கொஞ்சம். தூரம் 180 மீட்டர் வரை கூடினாலும் ஒரு சுற்று என்பது ஏறத்தாழ 1,130 மீட்டர்தான். அதை முக்கால் மணி நேரத்தில் சுற்றினால் நொடிக்கு அரை மீட்டர்கூட வராது. நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. படம் கலங்கினால் பழி சுற்றுப்பாதை மேல் இல்லை, கை மேல்.

இந்தப் படங்களை முதலில் கேட்டு வாங்குபவர்கள் ஹூஸ்டனில் ஜான்சன் விண்வெளி மையத்தின் பொறியாளர்கள். நுண்கல் பட்ட வடு, நிறம் மாறிய வெப்பப் போர்வை, கிழிசல் என்று அங்குலம் அங்குலமாகத் தேடுவார்கள். ஆகவே எடுப்பவருக்குத் தரப்படும் பணி, அழகான பத்துப் படங்கள் அல்ல; ஒன்றன் விளிம்பு இன்னொன்றில் படும்படி வரிசையாக நூற்றுக்கணக்கான படங்கள். பத்திரிகை அட்டைக்கு வரும் படம் அந்த வரிசையில் தற்செயலாக விழுந்த ஒன்று.

2011 மே 23

இந்தக் கலையில் ஒரே ஒரு நாளை விரிவாகச் சொல்லச் சொன்னால் இந்த நாளைத்தான் சொல்வேன்.

ஷட்டிலில் இருந்து நிலையத்தை எடுக்கலாம். நிலையத்தில் இருந்து ஷட்டிலை எடுக்கலாம். ஷட்டில் நிலையத்தோடு இணைந்து நிற்கும் முழுக் காட்சியை எடுக்க மூன்றாவது கலம் வேண்டும். ரஷ்யாவின் மீர் நிலையத்தில் அது ஒருமுறை நடந்திருந்தது. 1995 ஜூலை 4-இல் ரஷ்ய வீரர்கள் சொலோவ்யோவும் புதாரினும் சோயூஸ் கலத்தில் ஏறிப் பிரிந்து, அட்லாண்டிஸ் ஷட்டில் இணைந்து நின்ற மீரை எடுத்தார்கள். மீருக்குள் அப்போது ஒருவர்கூட இல்லை. கணினி தடுமாறி நிலையம் மெல்லத் திரும்பத் தொடங்கவே, சோயூஸ் விரைந்து வந்து மறுபடி இணைந்துகொண்டது. படத்துக்காக நிலையத்தை ஆளில்லாமல் விட்ட துணிச்சலை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

சர்வதேச நிலையத்தில் அப்படி ஒரு படம் இல்லாமலே ஷட்டில் திட்டம் முடியப்போகிற நேரம். 2011 தொடக்கத்தில் ஒரு யோசனை எழுந்தது. அங்கே அப்போது நின்ற சோயூஸ் புதிய வகை என்பதால், அதை வைத்து இப்படிச் செய்வது ஆபத்து என்று ரஷ்யத் தரப்பு மறுத்துவிட்டது. மே மாதம் பழைய வகைச் சோயூஸ் ஒன்று இறங்க வேண்டியிருந்தது. அதே நாட்களில் எண்டெவர் ஷட்டில் நிலையத்தில் இணைந்திருந்தது. சோயூஸில் ரஷ்யாவின் திமித்ரி கொந்த்ராத்யேவ், அமெரிக்காவின் கேத்தரின் கோல்மன், இத்தாலியின் பாவ்லோ நெஸ்போலி.

சோயூஸ் பூமியைப் பார்த்த ராஸ்வெத் பகுதியிலிருந்து பிரிந்தது. வழக்கமாக அது விலகிக்கொண்டே போய்ச் சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். அன்று சுமார் 200 மீட்டரில் நின்றது. அடுத்து நடந்தது ஷட்டில் வழக்கத்துக்கு நேர் எதிர்: சோயூஸ் நகரவில்லை, நிலையம் திரும்பியது. ஷட்டிலையும் சேர்த்து 400 டன்னைத் தாண்டிய அந்தக் கட்டுமானம், ஏறக்குறைய 130 டிகிரி, மிக மெதுவாகத் திரும்பிக் காட்டியது. ஸ்டூடியோக்காரர் "முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொல்வதைப் போலத்தான். சோயூஸின் எரிபொருளும் மிச்சம், சன்னலும் ஒரே திசையில் இருந்தால் போதும்.

சோயூஸ் மூன்று பகுதிகள் கொண்டது. இருக்கைகள் உள்ள நடுப்பகுதி மட்டுமே பூமிக்குத் திரும்பும். உருண்டையான முன்பகுதியும் பின்னால் உள்ள எஞ்சின் பகுதியும் காற்றில் எரிந்துபோகும். நெஸ்போலி முன்பகுதிக்குப் போய் அதன் சிறிய சன்னல் வழியாகப் படங்களும் வீடியோவும் எடுத்தார். எடுத்து முடித்ததும் மெமரி கார்டுகளோடு நடுப்பகுதிக்குத் திரும்பிக் கதவை அடைத்து வாரைக் கட்டிக்கொள்ள வேண்டும். மறுநாள் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கினார்கள். படங்கள் ஜூனில் வெளியாயின: முன்முனையில் எண்டெவர், பின்முனையில் ஐரோப்பாவின் யோஹான்னெஸ் கெப்ளர் சரக்குக் கலம், நடுவில் எட்டு இறக்கைகள், கீழே பூமி. வேறு எவரும் இனி எடுக்க முடியாத படம் அது. எண்டெவர் அதன் பிறகு பறக்கவில்லை. ஜூலையில் அட்லாண்டிஸோடு ஷட்டில் திட்டமே முடிந்தது.

அந்த அட்லாண்டிஸ் விடைபெற்றபோதும், ஜூலை 19-இல், நிலையத்தை 90 டிகிரி திருப்பி வைத்தார்கள். அதுவரை ஷட்டில் சுற்றுகளில் சரியாகத் தெரியாத பக்கவாட்டுகள் அப்படித்தான் படத்துக்கு வந்தன.

தூரமும் லென்ஸும்

கணக்கு எளிது, தரையிலும் பயன்படும். பொருளின் அகலத்தைத் தூரத்தால் வகுத்தால் அது கண்ணில் பிடிக்கும் கோணம் கிடைக்கும். 200 மீட்டரில் 109 மீட்டர் நிலையம் சுமார் 30 டிகிரி பிடிக்கும். முழுச்சட்டகக் கேமராவில் 60 மி.மீ. சுற்றியுள்ள லென்ஸ் போதும். 120 மீட்டருக்கு வந்துவிட்டால் 40 மி.மீ.க்கும் கீழே இறங்க வேண்டும். மேலே எடுப்பவர்களின் சிறந்த முழு உருவப் படங்கள் நாம் கல்யாண வீட்டில் பயன்படுத்தும் சாதாரண ஜூம் லென்ஸ் எல்லைக்குள்தான் இருக்கின்றன.

ஆய்வுக்கு வேண்டிய படம் வேறு. 200 மீட்டரில் 400 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம் 18 மீட்டர். 12 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சலுக்குச் சுமார் 4 மி.மீ. கைப்பிடியில் ஒட்டிய கறைகூடத் தெரிந்துவிடும். கொலம்பியா ஷட்டில் விபத்துக்குப் பின் இதே வித்தையை எதிர்த்திசையில் செய்தார்கள். நிலையத்துக்கு 180 மீட்டர் கீழே வந்ததும் ஷட்டில் குட்டிக்கரணம் அடித்து வயிற்றுப்பக்க ஓடுகளைக் காட்டும். நிலையத்தில் இருப்பவர்கள் 400, 800 மி.மீ. லென்ஸ்களால் அவற்றை எடுப்பார்கள். 2005 ஜூலையில் ஐலீன் காலின்ஸ் தலைமையில் வந்த டிஸ்கவரிதான் முதலில் இப்படிப் புரண்டு காட்டியது. வயிறு சரியான கோணத்தில் தெரிவது ஒன்றரை நிமிடம் போல. மறு வாய்ப்பு கிடையாது.

எனவே மேலே இருப்பவர்களின் நடைமுறை: இரண்டு கேமரா, இரண்டு லென்ஸ், முன்கூட்டியே பொருத்தி வைத்தது. சுற்றின் நடுவில் லென்ஸ் மாற்றுவது வீண்வேலை. கழற்றிய மூடி எங்கோ மிதந்து போகும், அதைத் தேடும் நேரத்தில் பாதி நிலையம் கடந்திருக்கும். எடையில்லை என்பதால் 400 மி.மீ. லென்ஸ் கையில் கனக்காது. ஆனால் அதன் நிறை அப்படியேதான் இருக்கும். திருப்பினால் அது உங்களையும் சேர்த்துத் திருப்பும். ஆகவே காலைக் கைப்பிடிக் கம்பியில் கோத்துக்கொண்ட பிறகே கேமராவை எடுப்பார்கள்.

ஒளி

தரையில் உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் ஒளி வந்து சேரும். காற்றைத் தாண்டி மேலே போனால் 1,361 வாட். புகைப்படக் கணக்கில் இது அரை ஸ்டாப்புக்கும் குறைவான வேறுபாடு. நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ் என்ற பழைய சூத்திரம் அங்கேயும் செல்லும். ஐ.எஸ்.ஓ. 200 என்றால் எஃப் 8-இல் நொடியில் 800-இல் ஒரு பங்கு. நிலையத்தின் வெள்ளைப் பகுதிகளுக்காக இன்னும் கொஞ்சம் குறைத்து 1,000-இல் ஒரு பங்கு வைத்தால் சரி.

சிக்கல் ஒளியின் அளவில் இல்லை, நிழலில் இருக்கிறது. தரையில் வானமே ஒரு பெரிய வெள்ளைக் குடையாக நின்று நிழலுக்குள்ளும் கொஞ்சம் ஒளியைத் தள்ளுகிறது. அங்கே வானம் கறுப்பு. நிழலை நிரப்ப இருப்பது பூமி ஒன்றுதான். சூரிய ஒளியில் சுமார் 30 சதவீதத்தைப் பூமி திருப்பி அனுப்புகிறது. மேகக் கூட்டத்தின் மேல் பறக்கும்போது நிலையத்தின் அடிப்பாகம் பளிச்சென்று தெரியும்; மேகமில்லாக் கடலின் மேல் அதே அடிப்பாகம் நீலம் பாய்ந்து மங்கும். நல்ல விண்வெளிப் படத்தில் ஒரு மென்மை தெரிந்தால் அது பெரும்பாலும் மேகத்தின் உபயம்.

கேமராவின் தானியங்கி அளவை நம்பவே கூடாது. பின்னணி கறுப்பாக இருந்தால் அது எக்ஸ்போஷரைக் கூட்டி, வெள்ளை வெப்பப் போர்வைகளை விவரமில்லாமல் வெளிறச் செய்துவிடும். பின்னணி மேகமானால் நிலையத்தை இருட்டாக்கிவிடும். மேனுவலில் வைத்து, வெள்ளைப் பகுதிக்கு அளந்து, ரா ஃபைலாக எடுப்பதே வழி. சூரியத் தகடுகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வெயிலைக் கண்ணாடி போலத் திருப்பியடிக்கும். அந்தச் சில நொடிகளுக்கு எந்த அமைப்பும் உதவாது, கடக்கும்வரை பொறுக்க வேண்டும்.

படத்தில் நட்சத்திரங்கள் இல்லையே என்ற பழைய கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 1,000-இல் ஒரு பங்கு நொடியில் நட்சத்திரம் பதியாது. வெயிலில் ஜொலிக்கும் நிலையத்தின் பின்னால் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தால், அது கணினியில் வரைந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

நிலையம் ஏறக்குறைய 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அதில் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வெளிச்சம், மிச்சம் இருட்டு. ஷட்டில் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தை இதோடு ஒப்பிட்டால் நெருக்கடி புரியும். பிரியும் நேரம் பத்து நிமிடம் தள்ளிப்போனால் சுற்றின் கடைசிப் பகுதி இருட்டில் விழும்.

சன்னல்

எல்லாப் படங்களும் கண்ணாடி வழியாகவே எடுக்கப்படுகின்றன. அதுவும் பல அடுக்குக் கண்ணாடி. ஓடும் ரயிலின் ஏ.சி. பெட்டிக்குள் இருந்து படம் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும், மருந்தும் அதேதான். அறை விளக்குகளை அணை. திரைகளை மூடு. லென்ஸைக் கண்ணாடியை ஒட்டி வைத்துச் சுற்றிலும் கறுப்புத் துணி கட்டு. ஃபிளாஷ் பக்கமே போகாதே. கண்ணாடிக்குச் செங்குத்தாக எடு. சாய்வாக எடுத்தால் நீண்ட லென்ஸில் விளிம்புகள் குழையும். ஆட்டோஃபோகஸ் சன்னல் கீறலைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும், ஆகவே முடிவிலிக்கு ஃபோகஸ் வைத்து, ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுவது நல்லது.

எந்தக் கலத்தில் எந்தச் சன்னல் எங்கே பார்க்கிறது என்பதே படத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் பெரிய பக்கச் சன்னல்கள் உண்டு. ஆனால் கலம் மூக்கை நிலையத்தின் பக்கம் வைத்துச் சுற்றும்போது அவற்றால் பயனில்லை. 2021 நவம்பர் 8-இல் நான்கு பேர் டிராகனில் கிளம்பி நிலையத்தை முழுச் சுற்று வந்தபோது, பிரெஞ்சு வீரர் தோமா பெஸ்கே பயன்படுத்தியது மூக்குப்பக்கக் கதவில் இருக்கும் சிறு கண்ணாடியை. அவர் எடுத்த வரிசைதான் பல ஆண்டுகளாக நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு முன், 2018 அக்டோபர் 4-இல் சோயூஸில் திரும்பிய குழு எடுத்த படங்களை நிலையத்தின் இருபதாவது ஆண்டையொட்டி வெளியிட்டார்கள்.

சீனாவின் தியாங்கோங் நிலையத்துக்கும் இதே கதைதான். மூன்று பகுதிகளும் டி வடிவில் சேர்ந்து முழுமையான நிலையத்தின் படங்களை, ஷென்சோ 16 குழு 2023 அக்டோபர் 30-இல் விடைபெற்றுச் சுற்றும்போது எடுத்தது. அடுத்த மாதம் அவை ஹாங்காங்கில் வெளியிடப்பட்டன.

ஒரு படத்தின் வயதைச் சொல்வது

இது புகைப்படக்காரருக்கு மட்டுமல்ல, படத்துக்குக் குறிப்பு எழுதும் உதவி ஆசிரியர்களுக்கும் வேண்டிய பயிற்சி. 2005-இல் எடுத்த படத்தை 2020-இன் செய்திக்குப் போடுவதை அடிக்கடி பார்க்கிறோம்.

முதலில் இறக்கைகளை எண்ணுங்கள். நெடிய சூரிய இறக்கைகள் எட்டும் இருந்தால் 2009 மார்ச்சுக்குப் பிந்தைய படம். இரண்டே இறக்கைகள் நிலையத்தின் தலைமேல் நின்றால் 2000 டிசம்பருக்கும் 2006 செப்டம்பருக்கும் இடைப்பட்டது. பழைய இறக்கைகளின் மேல் நிறம் மாறிய சிறிய தகடுகள் விரிந்திருந்தால் 2021 ஜூன் தாண்டியது. ரஷ்யப் பக்கத்தின் அடியில் நௌகா என்ற பெரிய பகுதி தெரிந்தால் 2021 ஜூலைக்குப் பின். அதன் நுனியில் பிரிச்சால் என்ற உருண்டையும் இருந்தால் அதே ஆண்டு நவம்பர் இறுதிக்குப் பின். பெஸ்கேயின் படங்களில் நௌகா இருக்கும், பிரிச்சால் இருக்காது. மூன்று வாரத்துக்கும் குறைவான இடைவெளியில் தவறிப்போனது.

பிறகு கேமராவின் இடம். நிலையத்தின் பின்னால் பூமி இருந்தால் எடுத்தவர் மேலே இருந்தார். முழுக் கறுப்பு என்றால் கீழேயோ சமமட்டத்திலோ. இணைப்பு வாயில்களில் எது காலியாக இருக்கிறது என்று பாருங்கள். படம் எடுத்த கலம் பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பியதுதான்.

தரையிலிருந்து

இனி உங்கள் முறை. நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்திருப்பதால் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாவற்றின் மேலும் அது போகிறது. நம் அட்சரேகையில், மாலையில் சூரியன் மறைந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளும் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள்ளும்தான் கண்ணுக்குத் தெரியும். நமக்கு இருட்டி, அதற்கு மட்டும் வெயில் இருக்கும் நேரம் அதுவே. நாசாவின் ஸ்பாட் த ஸ்டேஷன் செயலியோ ஹெவன்ஸ் அபவ் தளமோ உங்கள் ஊருக்கான நேரத்தைச் சொல்லும். உச்சி வானத்தில் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அடிவானத்தை ஒட்டிப் போகும் நாட்கள் வீண்.

எளியது கோட்டுப் படம். டிரைபாட், அகல லென்ஸ், எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 400, 15 முதல் 30 நொடி. நிலையம் ஒரு வெள்ளைக் கோடாகப் பதியும். முன்னால் ஒரு கோபுரமோ பனையோ இல்லாவிட்டால் அந்தக் கோடு யாருக்கும் எதுவும் சொல்லாது. இடத்தைப் பகலிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள்.

உருவம் தெரிய எடுப்பது வேறு ஆட்டம். 420 கிலோமீட்டர் உயரத்தில் 109 மீட்டர் என்பது 53 ஆர்க்நொடி. வியாழன் கோள் நமக்குத் தெரியும் அளவைவிடப் பெரியது. 2,000 மி.மீ. குவியத் தூரமுள்ள எட்டு அங்குலத் தொலைநோக்கியில் அது கேமராச் சில்லின் மேல் அரை மில்லிமீட்டர் விழும், சிறு பிக்சல் உள்ள வீடியோக் கேமராவில் நூற்றுக்கு மேற்பட்ட பிக்சல். இறக்கைகளைத் தனித்தனியாகக் காட்ட அது தாராளம். தொல்லை வேகம்தான். உச்சியில் நொடிக்கு ஒரு டிகிரி ஓடுகிறது. 1,000-இல் ஒரு பங்கு நொடியிலேயே ஏழு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே தொலைநோக்கியும் கூடவே ஓட வேண்டும். துணைத் தொலைநோக்கியின் நடுக்குறியில் நிலையத்தை வைத்துக் கையாலேயே குழாயைத் தள்ளுங்கள், கேமரா வீடியோவாகப் பதிந்துகொண்டே இருக்கட்டும். ஆயிரக்கணக்கான சட்டகங்களில் முப்பது நாற்பது தேறும். ஃபோகஸை நிலவிலோ பிரகாசமான நட்சத்திரத்திலோ முன்பே வைத்துப் பூட்டிவிடுங்கள். நிலையம் வந்த பிறகு ஃபோகஸைத் தொடுபவருக்கு அன்று படம் கிடைக்காது.

மூன்றாவது வழி, சூரியனையோ நிலவையோ நிலையம் கடக்கும்போது எடுப்பது. பிரான்சின் தியரி லெகோ இதில் பெயர் பெற்றவர். 2010 மே மாதம் அட்லாண்டிஸ் இணைந்திருந்த நிலையம் சூரியனைக் கடப்பதைத் தரையில் இருந்தே எடுத்தார். கடப்பது உச்சியில் அரை நொடிதான், தாழ்வான வானத்தில் சற்றுக் கூடுதல். நொடிக்கு 20 அல்லது 30 படம் எடுக்கும் கேமராவில், குறித்த நேரத்துக்கு இரண்டு நொடி முன்பே பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஷட்டர் 2,000-இல் ஒரு பங்கோ அதைவிட வேகமாகவோ. கேமராவின் கடிகாரத்தை நம்பாமல் இணைய நேரத்தோடு ஒத்துப் பாருங்கள்.

சூரியனுக்கு லென்ஸின் முன்பக்கத்தில் முறையான சூரிய வடிகட்டி கட்டாயம். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங்கிளாஸ் எதுவும் கூடாது. வடிகட்டி இல்லாமல் வியூஃபைண்டரில் கண் வைத்தால் போவது படம் அல்ல, பார்வை.

எங்கே நிற்பது என்பது நேரத்தைவிட முக்கியம். சூரியன் உச்சியில் இருக்கும்போது இந்தக் காட்சி தெரியும் பாதையின் அகலம் சுமார் நான்கு கிலோமீட்டர்தான்; நிலையம் வட்டின் நடுவே போக வேண்டுமென்றால் அதன் மையக்கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். டிரான்சிட் ஃபைண்டர் தளத்தில் உங்கள் இடத்தைக் கொடுத்தால் கோட்டை வரைபடத்தில் வரைந்து காட்டும். ஒரு வாரம் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் முந்தின நாள் இரவும் கிளம்பும் காலையிலும் மறுபடி பாருங்கள். அந்த உயரத்திலும் மெல்லிய காற்று நிலையத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. சரிக்கட்ட அவ்வப்போது எஞ்சினை இயக்கி உயர்த்துகிறார்கள். இடையில் அப்படி ஒருமுறை உயர்த்தியிருந்தால் நேரமும் மாறியிருக்கும், அந்த நான்கு கிலோமீட்டர் பாதையும் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கும்.